கோமாளி மீன் சாய்ந்து தூங்கினால்: மலையகத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால், தொட்டியின் மேல் மூலையில் கோமாளி மீன் ஒருக்களித்து, வால் தொங்கியபடி அசையாமல் கிடக்கிறது. "ஐயோ, செத்துப் போச்சு" என்று லைட்டைப் போட்டு, கண்ணாடியைத் தட்டி, வலையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அந்த மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தூக்கம் கலைந்த பிறகுதான் அடிபடும்.

கோமாளி மீனுக்குக் கண்ணிமை கிடையாது, அதனால் தூங்கும்போதும் விழித்திருப்பது போலவே தெரியும். கடலில் இது கடற்சாமந்தி என்ற, பூப்போலத் தெரியும் கடல் உயிரியின் உணர்கொம்புகளுக்குள் ஒடுங்கி இரவைக் கழிக்கும். நம் வீட்டுத் தொட்டியில் சாமந்தி இல்லாவிட்டால் வேறு ஓர் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அது நீர்மட்டத்தை ஒட்டிய மூலையாக இருக்கலாம், பம்பின் அடியாக இருக்கலாம், ஹீட்டர் ஓரமாகவும் இருக்கலாம். அங்கே சாய்ந்தோ, தலை மேலாகவோ, கீழாகவோ, உடம்பை மெல்ல ஆட்டிக்கொண்டே கிடக்கும். நிறமும் கொஞ்சம் வெளிறும். இவை எல்லாமே வழமையான தூக்கந்தான்.

மீன் எப்படிக் கிடக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். செவுள் மூடி சீராக அசைகிறதா, காலையில் விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து சாப்பாட்டுக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் கவலை வேண்டாம். பகலிலும் அதே மூலையில் சாய்ந்து கிடந்தால், சாப்பிட மறுத்தால், மூச்சு வேகமாக வாங்கினால், அது தூக்கம் இல்லை.

இருட்டில் திடீரென்று வெளிச்சம் போடுவதை மட்டும் கட்டாயம் தவிருங்கள். தூக்கத்தில் திடுக்கிட்ட மீன் கண்ணாடியில் மோதும், பாறையில் உரசும், மேலே திறந்திருந்தால் தரையில் போய் விழும். கோமாளி மீன் குதிக்காது என்று நம்பி மூடி போடாதவர்கள் இருக்கிறார்கள். குதிக்கும். மெல்லிய வலை மூடி போதும். தொட்டி விளக்கை டைமரில் போட்டு நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிய விட்டு, அது அணைந்த பிறகும் அறை விளக்கைக் கொஞ்ச நேரம் விட்டு வைத்தால் மீனுக்கு இருட்டு மெல்ல மெல்லப் பழகும்.

இனி மலையகத்துக்கே உரிய விஷயம். கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கோமாளி மீனுக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே பின்னிரவில் உறைபனி கூட விழும். ஹட்டன், பண்டாரவளை அவ்வளவு குளிர் இல்லை என்றாலும் விடியற்காலையில் சுவர் சில்லென்றுதான் இருக்கும். தண்ணீர் லீட்டருக்கு 1 வொட் ஹீட்டர் என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு வெதுவெதுப்பான அறைக்குத்தான் சரிவரும். அறை 14 பாகைக்கு இறங்குகிற வீட்டில் அந்த ஹீட்டர் இரவு முழுக்க அணையாமல் எரிந்தும் தண்ணீர் போதிய சூட்டுக்கு வராது.

அப்போது மீன் என்ன செய்யும்? சூடு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். ஹீட்டரை ஒட்டிப் படுத்துத் தூங்கும். அங்கே நீரோட்டம் இல்லாவிட்டால் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் நன்றாகச் சுடும், மீனின் ஒரு பக்கம் வெந்துபோகும். காலையில் பார்த்தால் செதில் உரிந்து வெளிறிய ஒரு தடம். அதை ஏதோ நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். ஆனால் மறுநாள் இரவும் மீன் அதே இடத்தில்தான் படுக்கும்.

இதற்கு வழி ஹீட்டருக்குப் பிளாஸ்டிக் கூண்டு போடுவது, அதைப் பம்பின் ஓட்டம் படும் இடத்துக்கு மாற்றுவது. 100 லீட்டர் தொட்டிக்குப் பெரிதாக ஒன்று வாங்குவதைவிட 100 வொட்டில் இரண்டு வைப்பது நல்லது. ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் மற்றது தாங்கும். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் ரெஜிபோம் தகடு ஒட்டினால் கரண்ட் பில்லும் குறையும். வெப்பமானியை ஹீட்டருக்கு எதிர் மூலையில் வையுங்கள். பக்கத்திலேயே வைத்தால் அது பொய்தான் சொல்லும்.

"மீன் நிம்மதியா தூங்கட்டும்" என்று இரவில் பம்பை நிறுத்துகிறவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் ஆபத்து. நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். போதாததற்கு இது சூடான உப்புத் தண்ணீர், அதில் ஒட்சிசன் இன்னும் குறைவாகத்தான் கரையும். இரவில் பாசியும் ஒட்சிசனை எடுக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்து வைத்திருப்போம். அதனால் நீர்மட்டம் எப்போதும் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். மேல் மூலையில் கிடக்கும் மீன் வாயை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து மூச்சுக்குத் திணறுகிறதென்றால் அது தூங்கவில்லை, உடனே காற்றுக்கல் (காற்று பம்பில் இணைத்துக் குமிழி விடும் கல்) போடுங்கள். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போதும் பலத்த மழைக்கு மரம் விழுந்தால் கரண்ட் போகிறது. பெட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றும், தொட்டியைப் போர்த்த ஒரு தடித்த கம்பளியும் வீட்டில் இருக்கட்டும்.

சரி, காயங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளர்கின்றன, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அந்தப் பெண் மற்றதை அடக்கி வைத்திருக்கும், கடிக்கும், தூங்கும் இடத்தைவிட்டே துரத்தும். சிறியது உடம்பை நடுங்கவிட்டுப் பணியும். இதை வலிப்பு என்று நினைத்துச் சிறியதைப் பிடித்துப் பிரிக்கிறார்கள், வலையில் செட்டை கிழிகிறது. தொட்டிக்குள் மீனை வேறிடம் மாற்ற வேண்டி வந்தால் ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் தண்ணீரோடு மொண்டெடுங்கள். ஒரே அளவில் இரண்டை வாங்குவதும், சிறிய தொட்டியில் மூன்று நான்கு வைப்பதும் நாமே சண்டையை மூட்டிவிடுவதுதான். செட்டை நுனி லேசாகக் கிழிந்தால், உதடு கொஞ்சம் உரசுப்பட்டால் மருந்தே தேவையில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஓரிரு வாரத்தில் தானாக ஆறும். தினமும் ஓயாமல் துரத்தி, சிறியதைச் சாப்பிடக்கூட விடாவிட்டால் மட்டும் பிரியுங்கள்.

காயம் என்றதும் நம் கை மஞ்சள் டப்பாவுக்குத்தான் போகும். வேண்டாம். மஞ்சள் சரியாகக் கரையாது, தண்ணீரைக் கலக்கி செவுளில் படியும். நன்னீர் மீனுக்குப் போடுவதுபோல ஒரு கைப்பிடி உப்புப் போடுவதும் அர்த்தமற்றது. இந்த மீன் ஏற்கனவே லீட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீரில்தான் இருக்கிறது. கடையில் தரும் நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பக்டீரியாவும் சாகும், அமோனியா ஏறும், சின்னக் காயம் பெரிய காயமாகும். செம்பு கலந்த மருந்து பவளம், சாமந்தி, இறால் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது தண்ணீர் மாற்றம், 10 முதல் 20 வீதம். ஆனால் இங்கே வாளியில் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். அதை அப்படியே ஊற்றுவது காயப்பட்ட மீனுக்கு இன்னொரு அடி. வாளியிலும் ஒரு ஹீட்டர் போட்டு, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் உப்பை அளந்து பாருங்கள். உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் தன்னீர்ப்பு (ஸ்பெசிபிக் கிராவிட்டி) 1.024 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அது உப்பைக் கூட்டிக் காட்டும்.

காயத்தின் ஓரம் சிவந்து பரவினால், பஞ்சு போலப் படர்ந்தால், கண் மங்கினால் பொறுத்திருக்காதீர்கள். உடம்பெல்லாம் வெள்ளைச் சளி உரிந்து வந்தால் அது புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். கோமாளி மீனை அதிகம் தாக்கும், ஓரிரு நாளில் கொன்றும்விடும். பொன் தூள் தூவியது போலத் தெரிந்தால் வெல்வெட் நோயைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் தனித் தொட்டியில் வைத்து, தெரிந்தவர் வழிகாட்டலோடுதான் மருந்து கொடுக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. படமும் வீடியோவும் எடுத்துவைத்து அங்கே விசாரிக்கலாம். அதுவரை 20 லீட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சின்ன ஹீட்டர், காற்றுக்கல், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பீவீசீ குழாய் இருந்தால் போதும். இவற்றை மீன் நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள், ஏனென்றால் நம் ஊர்க் கடைகளில் கடல் மீன் சாமான் நினைத்த நேரத்தில் கிடைக்காது.