வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு மூன்று அறிவியல் சோதனைகள்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரில் பலர் மொழியையும் கணக்கையும் ஒருவாறு சமாளித்துவிடுகிறார்கள். அறிவியல் என்று வந்ததும் ஆய்வுக்கூடம் இல்லையே என்று தயங்குகிறார்கள். தொடக்க வகுப்பு வயதுக்கு வேண்டிய பொருள்கள் அஞ்சறைப்பெட்டியிலும் மொட்டை மாடியிலும் கிடைத்துவிடும். கவனம் வேண்டியது நடத்தும் முறையில்தான். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டு, பிள்ளை சொல்லும் விடை தவறாக இருந்தாலும் திருத்தாமல், தேதியிட்டு நோட்டில் எழுதவைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இவ்விரண்டையும் விட்டுவிட்டால் பிள்ளை கைதட்டும், ஆனால் எதையும் கண்டுபிடித்திருக்காது.

முதலாவது மஞ்சள் தாள்; இதை 6 வயதுப் பிள்ளையே செய்யலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சிறிது நீரில் குழைத்து, வழவழப்பில்லாத வெள்ளைத் தாளின் மேல் மெல்லியதாகப் பூசி, நிழலில் உலர்த்தி, விரலகலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறிவிடும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், குழாய்நீர், துணிசோப்புக் கரைசல், வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை ஒவ்வொரு துண்டில் விடச் சொல்லுங்கள். சோப்பும் சுண்ணாம்பும் பட்ட இடம் சிவக்கும். புளிப்புப் பொருள்கள் பட்ட இடம் மஞ்சளாகவே இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்தில் சிவப்பதே இதற்குக் காரணம். ஆரத்தி நீர் சிவப்பதும், சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து மிரட்டுவதும் இதே வேதியியல்தான். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். சிவந்த தாளைப் பார்த்ததும் பிள்ளைக்கே அந்தச் சட்டை நினைவுக்கு வரக்கூடும்.

அடுத்து, சிவந்த துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டச் சொல்லுங்கள். நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். மாற்றம் மீளக்கூடியது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பிறகு ஊறவைத்த சீயக்காயின் தெளிந்த நீரைக் கொடுங்கள். சோப்பைப் போல நுரைப்பதால் இதுவும் சிவக்கும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவார்கள். சீயக்காய் சிறிது அமிலத்தன்மை உடையது. ஆகவே தாள் சிவக்காது. நுரையும் காரமும் ஒன்றல்ல என்று பிள்ளை தன் கையாலேயே அறிந்துகொள்ளும் இந்த இடம்தான் என் கணக்கில் சோதனையின் உயிர். கடையில் விற்கும் தூளில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் காயையே ஊறவையுங்கள்.

மஞ்சள் தாளுக்கு ஒரு குறை உண்டு: எலுமிச்சையையும் வெறும் நீரையும் அதனால் பிரித்தறிய முடியாது. வேலியில் பூத்திருக்கும் நீலச் சங்குப்பூ அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பத்துப் பூக்களை ஒரு தம்ளர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் கிடைக்கும் நீல நீர், எலுமிச்சையில் ஊதாவாகவும் ஆப்பசோடாவில் பசுமை கலந்த நீலமாகவும் மாறும். ஐரோப்பாவில் ராபர்ட் பாயில் 1664இல் வயலட் பூச்சாற்றைக் கொண்டு அமிலத்தையும் காரத்தையும் இதே வழியில்தான் பிரித்துக் காட்டினார். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதைப் பெரியவர்களே கரைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலத்தையோ பிளீச்சிங் பவுடரையோ இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும்.

இரண்டாவது ஊசல், 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. இரும்பு நட்டு ஒன்றை நூலில் கட்டி, ஜன்னல் கம்பியில் சுவரில் இடிக்காதபடி தொங்கவிடுங்கள். கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாக இழுத்து, தள்ளாமல் விட்டு, போய்த் திரும்பும் 10 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் அளக்கச் சொல்லுங்கள். விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் ஓர் அலைவு குறைந்துவிடும். ‘பூஜ்யம்’ என்றே தொடங்க வேண்டும். ஏறக்குறைய 20 விநாடி வரும். இப்போது நூலை 50 செ.மீ. ஆக்கினால் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பாதி நீளம், பாதி நேரம், ஆகவே 10 விநாடி என்பார்கள். வருவதோ 14. 10 விநாடி வேண்டுமானால் நூலை 25 செ.மீ.க்குக் குறைக்க வேண்டும். நீளம் கால்பங்கானால்தான் நேரம் பாதியாகும் என்னும் உறவை, சதுரமூலம் என்ற சொல்லே தெரியாத பிள்ளையும் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடும்.

எடையைக் கூட்டினால் நேரம் மாறாது என்பதை அடுத்துக் காட்டலாம். எங்கள் வீட்டில் மூன்று நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டு, நேரம் கூடிவிட்டதே என்று ஒரு மாலை முழுவதும் விழித்தோம். எடையோடு ஊசலின் நீளமும் கூடியிருந்ததை மகள்தான் அளந்து கண்டுபிடித்தாள். நட்டுகளை ஒரே முடிச்சில் பக்கம்பக்கமாகக் கட்ட வேண்டும்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு குச்சியும் சுண்ணக்கட்டியும் போதும். மாடித் தரையில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை 10 நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைக் குறித்து வாருங்கள். மிகக் குறுகிய நிழல் வடக்கு தெற்காக விழும். நம் கடிகாரங்கள் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுவதால், அதற்கு மேற்கே தள்ளியிருக்கும் கோயம்புத்தூரில் அந்தக் கணம் ஆண்டின் எந்த நாளிலும் 12 மணிக்குப் பிறகே வரும். தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஆண்டுக்கு இரண்டு நாள் உச்சிவேளையில் நிழலே விழாது. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அந்த நாள்கள் அமைகின்றன. அன்று குச்சிக்குப் பதிலாக ஒரு குழாய்த் துண்டை நிறுத்துங்கள். அதன் உட்புறம் அடிவரை வெயில் விழுந்து, வெளிப்புறம் எந்தப் பக்கத்திலும் நிழல் இல்லாதிருப்பதைப் பிள்ளை குனிந்து பார்க்கலாம்.