காயாங்கேணி: முதலில் கடல், பிறகு மணல்

காயாங்கேணிக் கடலில் முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கப் போவதென்றால், மட்டக்களப்பிலிருந்து விடிய ஐந்தரைக்கே பைக்கை எடுத்துவிடுவேன். வெயில் ஏறினால் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலையில்லாமல் தெரியும், ஆனால் ஆளை நடுக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். தனியே இறங்காதீர்கள், ஊர்ப் படகுக்காரரோடு போங்கள்.

நீருக்குள் பார்க்கப் போடும் மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. முருகைக்கல்லில் கால் ஊன்றவே கூடாது. கல் மாதிரித் தெரிந்தாலும் அதற்கு உயிர் இருக்கிறது. 2019இல் இங்கே கடல் சரணாலயம் அறிவித்தார்கள். வெயிலுக்குப் பூசும் கிரீமுக்குப் பதில் நீளக்கைச் சட்டை போடுங்கள்.

அப்புறம் பைக். மணலுக்குள் இறங்குமுன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறையுங்கள். இரண்டாம் கியர், முன்பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராக, ஏற்கெனவே உள்ள தடத்தில் மட்டும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும்.