புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்: படித்தது மறக்காமலிருக்க வகுப்பில் என்ன செய்யலாம்

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ பாடத்தை ஜூனில் நன்றாக நடத்தி, ஸ்லிப் டெஸ்ட்டும் வைத்து, எல்லாரும் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். காலாண்டில் அதே நியூட்டனின் இரண்டாம் விதியைக் கேட்டால் பாதி வகுப்பு விழிக்கும். பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஒருமுறை படித்ததை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் மறக்கும், அதுவும் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகமாக மறக்கும் என்று ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்வது ‘இன்னொரு தடவை படி’. இல்லாவிட்டால் இம்பொசிஷன். பத்து தடவை பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. தலைக்குள் போனதை வெளியே எடுக்க வைத்தால்தான் அது நிற்கும், அதற்குப் புத்தகம் மூடியிருக்க வேண்டும்.

2006-ல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு சிறு பத்தியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள், மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. இந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது? பீரியட் தொடங்கியதும் கரும்பலகையில் மூன்றே கேள்வி: ஒன்று நேற்று நடத்தியதிலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. புத்தகமும் நோட்டும் பைக்குள். எல்லாரும் ரஃப் நோட்டில் எழுத வேண்டும், கை தூக்குவதெல்லாம் கிடையாது, ஏனென்றால் முதல் பெஞ்சில் நாலு பேர் பதில் சொல்லும்போது மற்றவர்கள் யோசிக்காமலே தப்பித்துவிடுவார்கள். நாலு நிமிடம் போதும். உடனே சரியான விடையைச் சொல்லி அவரவரே திருத்திக்கொள்ளட்டும், தவறான விடை ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. இதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், பதிவேட்டிலும் ஏற்றாதீர்கள். மதிப்பெண் என்று வந்தால் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் இந்த முயற்சிக்கே அர்த்தம் இல்லை.

வாயால் கேட்கும்போது கேள்விக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். முதலில் கேள்வி, பிறகு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள், அதன் பிறகே பெயர். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீளமாக வந்தன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

உயிரியலுக்கு வெற்றுத்தாள் நன்றாக வேலை செய்யும். மனித இதயப் படத்தைப் பார்த்து அழகாக வரைந்து பாகம் குறிப்பதைவிட, மூடி வைத்துவிட்டுக் கோணல்மாணலாக வரைந்து, இரத்தம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போடுவது பல மடங்கு மேல். விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மறுபடி ஒரு வெற்றுத்தாள்.

கணக்கு வாத்தியார்களிடம் ஒரு வேண்டுகோள். உருளைக் கணக்கு இருபது, அடுத்து கூம்பு இருபது, அடுத்து கோளம் இருபது என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். எந்தச் சூத்திரம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிட்டால் பிள்ளை எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும். தேர்வில் எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்பதும் இதனால்தான். 2007-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கன அளவுக் கணக்குகளை வைத்தே இதைச் சோதித்தார்கள். வகைவகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் பிரித்துப் போட்டவர்களுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63! ஆகவே முதல் நாள் ஒரே வகையில் நாலைந்து கணக்கு போதும், அதன் பிறகு எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள். முதலில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், பெற்றோரும் வந்து கேட்பார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு அட்டை முறை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னதாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. மூன்று டப்பா. முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் பரப்பிய முறை இது. ஒன் மார்க், ஆண்டுகள், வேதிக் குறியீடுகள், ஆங்கிலச் சொற்கள் இதற்கெல்லாம் கச்சிதம். ‘ஏன்’ என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அட்டை போதாது, அதற்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் வார்த்தையில் விளக்கிச் சொல்ல வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவர வேண்டாம். நாளைக்கு முதல் பீரியடில் அந்த மூன்று கேள்வியை மட்டும் எழுதுங்கள். போன மாதக் கேள்விக்கு முதலில் யாருமே எழுத மாட்டார்கள். அதற்காக அதை விட்டுவிடாமல் விடையைச் சொல்லிவிட்டு, மூன்று நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி போடுங்கள்.