சென்னை – சிங்கப்பூர் விமான நேரம்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்தானா?" மகளுக்குப் பேறுகாலம் பார்க்க முதல்முறையாகச் சிங்கப்பூர் கிளம்பிய என் சித்தி, டிக்கெட்டைப் பார்த்துக் கேட்டார். சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 6.00-க்கு இறங்கல். திரும்பும்போது அங்கே இரவு 8.15, இங்கே 9.45. கழித்துப் பார்த்தால் சித்தி சொன்ன விடைதான் வரும். ஆனால் அப்படிக் கழிப்பதுதான் முதல் தவறு. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும் பயணத்தில் அதைக் குறைக்க வேண்டும், வரும் பயணத்தில் கூட்ட வேண்டும். அப்போது 4.15 மணி, 4 மணி என்று சரியாக வரும்.

சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன்பு வித்தியாசம் 2 மணி நேரமாக இருந்தது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து நேர வித்தியாசத்தை ஊகிக்காதீர்கள்.

பணத்தையே இழக்க வைப்பது தேதித் தவறு. 15-ம் தேதி 12.40 என்று டிக்கெட்டில் இருந்தால் அது நள்ளிரவா, நண்பகலா என்று முதலில் பாருங்கள். 00.40 என்றால், 14-ம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால், விமானம் முந்தின இரவே போயிருக்கும். அதேபோல இரவு 11.15-க்குக் கிளம்புகிறவரை அழைத்துவர அங்கே இருப்பவர்கள் மறுநாள் தேதியில்தான் வர வேண்டும். தங்கும் அறை பதிவு செய்யும்போதும் இதை மறக்கக்கூடாது.

அடுத்தது தூரத்தை வேகத்தால் வகுப்பது. தூரம் சுமார் 2,900 கி.மீ., வேகம் 900 என்றால் மூணேகால் மணி நேரம் வரும். டிக்கெட்டில் இருக்கும் நேரமோ விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மெல்ல ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். அந்த 2,900-ஐ ஓரிடத்தில் 1,800 என்றும் இன்னோரிடத்தில் 1,570 என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். முன்னது மைல், பின்னது கடல் மைல்.

போக எவ்வளவோ அவ்வளவுதான் வரவும் என்று நினைப்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. டெல்லி – டோக்கியோ தூரம் சுமார் 5,900 கி.மீ. குளிர்காலத்தில் அந்த வழியின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். போக ஏழரை மணி நேரம் என்றால் வர ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் வழியில் அவ்வளவு வித்தியாசம் கிடையாது.

கொழும்பு வழியாக மாறிப் போனால் தூரம் சுமார் 500 கி.மீ.தான் கூடும். நேரத்தைக் கூட்டுவது அங்கே காத்திருக்கும் மணிகள். வயதானவர்களை அனுப்பும்போது விலைக்கு முன்னால் அந்தக் காத்திருப்பைப் பாருங்கள்.