புளித்த பிண்ணாக்கும் தவிடும்: வனாமி இறாலுக்குத் துணைத் தீவனம் தயாரிப்பது எப்படி?

ஆரம்பாக்கம் தாண்டி, தடா, சூலூர்பேட்டை பக்கம் வனாமி வளர்க்கிற நம் ஆட்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றித் தீவன விலையில்தான் வந்து நிற்கும். வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் (தெலுங்கில் தவுடு) புளிக்க வைத்துக் கொடுத்தால் அதில் கொஞ்சம் மிச்சமாகும். கொஞ்சம்தான். கம்பெனி தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதைக் கொண்டு மாற்றாதீர்கள். பிண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும், இறாலுக்குத் தேவையான லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் குறைவு. அளவு மீறினால் வளர்ச்சி பின்தங்கும்.

ஏன் புளிக்க வைக்க வேண்டும்? தவிட்டிலும் பிண்ணாக்கிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. தீவனத்தில் உள்ள பாஸ்பரஸை இறாலின் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வது அதுதான். புளிக்கும்போது அது குறையும், செரிமானமும் எளிதாகும்.

வேண்டியவை: பொடித்துச் சலித்த கடலைப் பிண்ணாக்கு 6 கிலோ, எண்ணெய் எடுத்த தவிடு 4 கிலோ, வெல்லம் 300 கிராம், பேக்கரி ஈஸ்ட் 50 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 5 லிட்டர். எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே சிக்குவாடை அடித்துவிடும், அது வேண்டாம். பிண்ணாக்கை வாங்கும்போதே உடைத்துப் பாருங்கள். பூஞ்சை தெரிந்தாலோ, முக்கல் வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஞ்சையில் உண்டாகும் அஃப்லாடாக்சின் கல்லீரல் போல வேலை செய்யும் இறாலின் செரிமான உறுப்பைத்தான் முதலில் கெடுக்கும். புளிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

முதலில் வெல்லத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஈஸ்ட்டைப் போடுங்கள். கால் மணி நேரத்தில் நுரை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஈஸ்ட் பழசு. பிறகு பிண்ணாக்கையும் தவிட்டையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, இந்தக் கரைசலையும் மீதித் தண்ணீரையும் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. இந்த ஒரு பக்குவம் கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. போன கோடையில் அவசரத்தில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியதில் ஒரு ட்ரம் முழுக்க எனக்கு அழுகிப்போனது.

சுத்தமான பிளாஸ்டிக் ட்ரம்மில் முக்கால் பங்கு வரை அழுத்தி நிரப்பி, காற்று வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வைத்து, நிழலில் விடுங்கள். இந்த வெக்கைக்கு 36 முதல் 48 மணி நேரம் போதும். எங்கள் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா மீட்டர் எதையும் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "தம்பி, மாவு புளிச்ச வாசனை வந்துடுச்சு, எடுத்துடலாம்" என்பார். இட்லி மாவின் புளிப்போடு லேசாகக் கள் வாசனையும் கலந்து வர வேண்டும். அழுகல் வாடையோ, மூக்கில் ஏறும் அம்மோனியா நெடியோ, பச்சை, கறுப்புப் பூஞ்சையோ தென்பட்டால் குளத்துக்குத் தூரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

இனி, கொடுக்கும் முறை. குஞ்சு விட்டு 45 நாள் ஆன பிறகு தொடங்குங்கள். முதல் வாரம் இருபதில் ஒரு பங்கு போதும். ஈரம் சேர்ந்திருப்பதால், ஒரு கிலோ தீவனத்தைக் குறைத்தால் இதில் ஒன்றரைக் கிலோ எடுக்க வேண்டும். மரவள்ளி மாவுக் கஞ்சி விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, செக் ட்ரேயில் (தீவனம் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் தட்டு) மட்டும் வையுங்கள். குளத்தில் வாரி இறைத்தால் கரைந்து அடியில் சேறாகிவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து ட்ரேயைத் தூக்குங்கள். காலியாக இருந்தால் அளவு சரி, மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை குறையுங்கள். நாலு இறாலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் முதுகோரம் குடல் கோடாகத் தெரியும். அது அறுபடாமல் நிறைந்திருந்தால் நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். விட்டுவிட்டுத் தெரிந்தாலோ, வெளுத்திருந்தாலோ அன்றே நிறுத்துங்கள்.

பகல் வேளையில் மட்டும் கொடுங்கள். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் 4 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக்) கீழே இறங்குகிற குளத்துக்கு இது வேண்டவே வேண்டாம். மழை, மூட்டம் உள்ள நாளிலும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் ஓடு கழற்றும் நாட்களிலும் விட்டுவிடுங்கள்.

திறந்த ட்ரம்மை அன்றைக்கே காலி செய்வது நல்லது. மிஞ்சியதை நிழலில் நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாமல் கட்டிவையுங்கள். ட்ரம்மைத் தேய்த்துக் கழுவி, அடுத்த முறை வரை வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள்.