ஆவ், ஆஃப்: ஓர் எழுத்து கூடினால் பொருள் பிரியும்

விலை 1000 என்று குறித்த ஒரு பொருளுக்குப் பக்கத்தில் ‘தர்ட்டி பர்சன்ட் ஆஃப்’ என்று எழுதியிருக்கிறது. கொடுக்க வேண்டியது 300ஆ, 700ஆ? தமிழ் எழுத்தில் இப்படி எழுதிவிட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஓ, எஃப் என்று இரண்டே எழுத்துகள் இருந்தால் விலையில் 30 விழுக்காடு, அதாவது 300. எஃப் இரட்டித்திருந்தால் விலையிலிருந்து 30 விழுக்காடு கழிகிறது. கொடுக்க வேண்டியது 700. 50 விழுக்காட்டில் மட்டும் இரண்டும் ஒரே தொகை. அங்கே தவறாகப் படித்தாலும் தவறு வெளியே தெரியாது.

பிறருடைய விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தித் தரும்போது என் பேனா அதிகம் நிற்பது இந்த ஒற்றை எஃப்பில்தான். துறைத் தலைவர் என்று எழுத நினைத்தவர், தலைவரைத் துறையிலிருந்து விலக்கி எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

குழப்பம் வாயில் தொடங்குகிறது. நம்மில் பலர் இரண்டையும் ‘ஆஃப்’ என்றே ஒலிக்கிறோம். இரண்டெழுத்துச் சொல்லை ‘ஆவ்’ என்று ஒலிக்க வேண்டும். விரைந்து பேசும்போது அது ‘அவ்’ அளவுக்குச் சுருங்கும். எஃப் எழுத்து வி ஒலியைத் தருவது ஆங்கிலத்தில் மிக அரிது என்பதால் இதை யாராவது சொல்லித்தராமல் நமக்குத் தெரிய வழியில்லை. மேற்பற்கள் கீழுதட்டைத் தொடுவது இரண்டுக்கும் பொது. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்: ‘ஆவ்’ முடியும்போதும் அதிர்வு நீடிக்கும், ‘ஆஃப்’ முடியும்போது வெறும் காற்றுதான் வரும். பாதி என்று பொருள்படும் ‘ஹாஃப்’ என்பதையும் ஹகரத்தை விட்டு ‘ஆஃப்’ என்று சொல்லிவிட்டால், ‘ஆஃப் டே’ அரை நாளாகவும் ‘டே ஆஃப்’ முழுநாள் விடுப்பாகவும் மாறும் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

பழைய ஆங்கிலத்தில் ஆவும் ஆஃபும் ஒரே சொல். ‘விலகி’, ‘அங்கிருந்து’ என்பதே அதன் பொருள். அழுத்திச் சொன்ன இடங்களில் எஃப் ஒலி அப்படியே நின்றது. அழுத்தமின்றி வாக்கியத்தின் நடுவே ஓடிய இடங்களில் வி ஆக நெகிழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்திலும் அவை முழுவதுமாகப் பிரிந்தன. விலகலை நீண்ட வடிவம் வைத்துக்கொண்டது. உறவைக் காட்டும் வேலை குறுகிய வடிவத்துக்கு வந்தது. மணி சொல்லும்போது ‘ஓ’கிளாக்’ என்கிறோமே, அந்த ‘ஓ’ குறுகிய வடிவம் இன்னும் தேய்ந்து நிற்கும் மிச்சம்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்தப் பிரிவு அந்நியமாக இருக்காது. ‘மலையின் வீழ் அருவி’ என்பதில் உள்ள ‘இன்’ ஐந்தாம் வேற்றுமை. மலையிலிருந்து நீங்கி விழும் அருவி. ‘மலையின் உயரம்’ என்று இன்று எழுதும்போது அதே ‘இன்’ மலைக்கு உரியதைக் காட்டுகிறது. நீங்கலைச் சொல்ல இப்போது ‘இலிருந்து’ என்று நீட்டிக்கொள்கிறோம். ஆங்கிலமும் நீங்கல் பொருளுக்குத்தான் சொல்லை நீட்டியது. எழுதும்போது ஐயம் வந்தால் நான் இதைத்தான் கேட்டுக்கொள்வேன்: மரத்தின் இலையா, மரத்திலிருந்து பறித்த இலையா? முதலாவதுக்கு ஒரு எஃப், இரண்டாவதுக்கு இரண்டு. சாலையில் மூன்று மைல் தூரம் பழுதாகியிருப்பதும், சாலையிலிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு வீடு இருப்பதும் இப்படியே பிரியும்.

ஆனால் ‘ஆவ்’ வருமிடமெல்லாம் ‘இன்’ போட்டு மொழிபெயர்ப்பது இன்னொரு தவறு. மே மாதத்தை ஆங்கிலத்தில் ‘மன்த் ஆவ் மே’ என்பார்கள். தமிழில் அங்கே உருபே தேவையில்லை. ‘டைட் ஆவ் ஃபீவர்’ என்றால் காய்ச்சலால் இறந்தார், அது மூன்றாம் வேற்றுமை. ‘திங்க் ஆவ்’ வந்தால் நினைப்பது ஒருவரை அல்லது ஒன்றைப் பற்றி. ‘மேட் ஆவ்’ என்றால் பொருள் உருமாறாமல் கண்ணுக்குத் தெரிகிறது, மரத்தால் ஆன மேசை போல. மரம் கூழாகிக் காகிதமானால் அங்கே ‘மேட் ஃபிரம்’ வரும்.

அரசரின் ஓவியம் என்றால் தமிழில் அவரை வரைந்ததாகவும் இருக்கலாம், அவருக்குச் சொந்தமானதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘பிக்சர் ஆவ் த கிங்’ அவர் உருவத்தைக் காட்டும் படம். ‘பிக்சர் ஆவ் த கிங்ஸ்’ என்று உடைமைக்குறியும் எஸ்ஸும் சேர்த்தால் அவரிடமுள்ள படங்களில் ஒன்று. இந்த நுட்பத்தை நான் மிகவும் நேசிக்கிறேன்.

மிகப் பரவலான பிழை ‘ஒன் ஆவ் மை ஃபிரெண்ட்’. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று தமிழில் சரியாகப் பன்மையில் சொல்லும் நாம் ஆங்கிலத்தில் ஏன் ஒருமைக்குப் போகிறோம் என்பது எனக்கு வருத்தமே. ‘ஃபிரெண்ட்ஸ்’ என்றுதான் வர வேண்டும். வினை மட்டும் அந்த ஒருவருக்கு ஏற்ப ஒருமையில் நிற்கும். ‘இன் ஸ்பைட்’ டுக்கு ‘ஆவ்’ வேண்டும், ‘டெஸ்பைட்’ டுக்குக் கூடாது. ‘கன்சிஸ்ட்ஸ்’ அதைக் கேட்கும், ‘கம்ப்ரைசஸ்’ கேட்காது. ஆங்கிலேயரே செய்யும் பிழையும் உண்டு: ‘குட் ஹாவ்’ சுருங்கி ‘குடவ்’ என்று ஒலிப்பதால் அதை ‘குட் ஆவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிவிட வேண்டாம்.

இரட்டை எஃப்பை வினையாக்குவது நம் வழக்கம். தமிழில் ‘ஆஃப் செய்’ என்பதால் ‘ஆஃப் த லைட்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதன் முன்னால் ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’ வந்தாக வேண்டும். அணைத்தல் என்ற ஒரே பொருளை மனத்தில் வைத்திருப்பதுதான் இதைவிடப் பெரிய தவறு. கூட்டம் ‘புட் ஆஃப்’ ஆனால் தள்ளிவைக்கப்பட்டது, வேறொரு நாள் நடக்கும். ‘கால்ட் ஆஃப்’ ஆனால் நடக்கவே நடக்காது. நேர்காணலுக்குக் காத்திருப்பவர் இவ்விரண்டையும் மாற்றிப் படித்தால் ஒரு வாய்ப்பே போய்விடும். விமானம் ‘டேக் ஆஃப்’ ஆனால் தரையை விட்டு எழுகிறது. சட்டையை ‘டேக் ஆஃப்’ செய்தால் உடலை விட்டுக் கழல்கிறது. ‘வெல் ஆஃப்’ என்றால் வசதியாக வாழ்பவர். இதில் நீங்கலைத் தேடினால் கிடைக்காது, அப்படியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது ‘கோ ஆஃப்’. விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. பால் என்றால் கெடுகிறது. துப்பாக்கி என்றால் வெடிக்கிறது. அலாரம் என்றால் ஒலிக்கிறது, அணைவதற்கு நேர் எதிர். அடக்கி வைத்திருந்த ஒன்று கட்டிலிருந்து விடுபடுகிறது என்று எண்ணிக்கொண்டால் துப்பாக்கியும் அலாரமும் நினைவில் தங்கும். கட்டடங்களில் ‘இஃப் த அலாரம் கோஸ் ஆஃப், லீவ் த பில்டிங்’ என்று ஒட்டியிருப்பதை, அலாரம் நின்ற பிறகு வெளியேறுங்கள் என்று படித்துக்காட்டிய ஒருவரை நான் அறிவேன். அவர் நன்றாகப் படித்தவர். சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்திருந்தார். தீ விபத்தின்போது அவர் நாற்காலியில் அமர்ந்து ஒலி அடங்கும்வரை காத்திருப்பார். அந்த அறிவிப்பு சொல்வது, அலாரம் ஒலித்தால் கட்டடத்தை விட்டு வெளியேறுங்கள் என்பது.