கார்டும் கையொப்பமும்: சேகரிக்கத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

விளையாட்டு வீரரின் படம் அச்சிட்ட பழைய கார்டோ, வீரர் கையொப்பமிட்ட பந்தோ மட்டையோ கைக்கு வந்ததும், "இது என்ன விலைக்குப் போகும்?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கையில் இருப்பது துல்லியமாக எந்தப் பொருள் என்பது முதற்கேள்வி. அது அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை காணாமல் சொல்லப்படும் விலை வெறும் ஊகமே. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

ஒரு விளையாட்டு, ஒரு காலகட்டம் அல்லது ஒரே ஒரு வீரர் என்று சுருக்கிக்கொண்டு தொடங்குங்கள். அசல் பொருள் எப்படியிருக்கும் என்பது பல பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகியவருக்கே தெரியும். கண்டதையெல்லாம் வாங்குபவருக்கு அந்தப் பழக்கம் எதிலும் ஏற்படாது.

படி 2: கார்டை அடையாளம் காணுங்கள்

கார்டைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். வெளியிட்ட நிறுவனம், தொகுப்பின் பெயர், கார்டின் எண், பதிப்புரிமை ஆண்டு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆண்டு அச்சிடப்படாத பழைய கார்டுகளில், வீரரின் ஆட்டக் கணக்கு எந்த ஆண்டுடன் முடிகிறது என்று பாருங்கள். பொதுவாக அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த கார்டாக அது இருக்கும்.

இன்றைய கார்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரே படம், ஒரே எண். ஆனால் ஓரத்தின் நிறமோ மினுமினுப்போ மட்டும் மாறியிருக்கும். இத்தகைய வகைகளைப் பேரலல் என்கிறார்கள். சிலவற்றில் 23/99 என்பதுபோல் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். மொத்தம் 99 கார்டுகள் அச்சிடப்பட்டன, அவற்றில் இது 23ஆவது என்பது அதன் பொருள். சாதாரணக் கார்டுக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கலாம் என்பதால், எந்தப் பேரலல் என்று உறுதியாகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வீரரின் முதல் ஆண்டுக் கார்டான ரூக்கி கார்டுக்கே எப்போதும் கிராக்கி அதிகம். பேஸ்பால் கார்டுகளில் 2006 முதல் இதற்கென்று ஆர்சி என்ற தனி முத்திரை இடப்படுகிறது.

அடுத்து, நிறுவனங்களே வெளியிட்ட மறுபதிப்புகளைக் கவனிக்க வேண்டும். டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டுத் தொகுப்பில் 311ஆம் எண்ணுள்ள, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு இத்துறையின் மிகப் புகழ்பெற்ற கார்டுகளுள் ஒன்று. அந்தத் தொகுப்பை அதே நிறுவனம் 1983இல் மறுபதிப்பாக வெளியிட்டது. அசல் கார்டு 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. மறுபதிப்போ இன்று வழக்கத்திலுள்ள 2½ × 3½ அங்குல அளவில் வந்தது. ஓர் அடிக்கோல் கையில் இருந்தாலே போதும், வீண் கனவு ஒன்று அரை நிமிடத்தில் கலைந்துவிடும்.

படி 3: நிலையை மதிப்பிடுங்கள்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ், பிரகாசமான எல்இடி விளக்கு, மில்லிமீட்டர் அடிக்கோல் ஆகிய மூன்றும் தேவை. கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, கார்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். நான்கு மூலைகள், நான்கு விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ள விதம் ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். மேற்பரப்பை நேராகப் பார்த்துப் பயனில்லை. விளக்கொளி சாய்வாக விழும்படி கார்டை மெல்லத் திருப்பினால்தான் மெல்லிய மடிப்பும் கீறலும் நகப்பதிவும் கண்ணுக்குத் தெரியும். நடு அமைவை ஓரத்தின் வெள்ளைப் பகுதியை அளந்து கணக்கிட வேண்டும்: இடப்பக்கம் 2 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 40க்கு 60. இத்தகைய கார்டு மற்ற எல்லாவற்றிலும் குறையில்லாமல் இருந்தாலும், 55க்கு 45 வரை மட்டுமே அனுமதிக்கும் கண்டிப்பான தரநிலையில் முழு மதிப்பெண் பெறாது.

தேய்ந்த விளிம்பை வெட்டிச் சீராக்கிக் கார்டைப் புதிதுபோல் காட்டுவது இத்துறையின் பழைய மோசடி. இதற்கு மிகப் பெரிய சான்று பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுடன் வெளியிட்ட டி206 தொகுப்பைச் சேர்ந்த அந்தக் கார்டு, ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கிக்கு ஒரு காலத்தில் பங்குரிமை இருந்ததால் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கார்டை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, மூடிய கெட்டி உறையில் வைத்துத் தருபவை தரமதிப்பீட்டு நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றான, 1991இல் தொடங்கப்பட்ட பிஎஸ்ஏ முதன்முதலில் தரமதிப்பிட்ட கார்டும் அதுதான். 8 மதிப்பெண் பெற்றது. ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதன் விளிம்புகளைத் தாமே வெட்டியதாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆகவே கார்டு தரமதிப்பீட்டு உறைக்குள் இருக்கிறது என்பதற்காக உங்கள் லென்ஸைப் பைக்குள் போட்டுவிட வேண்டாம்.

விளிம்பு ஒழுங்காக இருப்பதே ஐயத்துக்கு இடமளிக்கும் கார்டுகளும் உண்டு. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் கம்பியால் அறுத்த கார்டுகளின் ஓரங்கள் இயல்பாகவே பிசிறடித்திருக்கும். 1979–80ஆம் ஆண்டின் கிரெட்ஸ்கி ரூக்கி கார்டு அந்த வகை. அதில் கத்தி வைத்து வெட்டியதுபோன்ற நேர்த்தியான விளிம்பைக் கண்டால் உடனே அளந்து பார்க்க வேண்டும்.

படி 4: போலியா என்று சோதியுங்கள்

லென்ஸை வீரரின் பெயர் எழுத்துகளின் மீதும், படத்தைச் சுற்றியுள்ள கோட்டின் மீதும் வையுங்கள். பல பழைய அசல் கார்டுகளில் எழுத்தும் கோடும் ஒரே மையால் அழுத்தமாக அச்சாகி, விளிம்பு கூர்மையாகத் தெரியும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் அந்த எழுத்தே பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் கார்டைப் புற ஊதா விளக்கின் கீழும் வைத்துப் பார்க்கலாம். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டது அதற்குப் பிந்தைய காலத்தில்தான் என்பதால், பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிரும் காகிதம் அந்தக் காலத்துக்குரியதாக இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் எளிய, ஆனால் புதியவர்கள் அதிகம் அறியாத வழி ஒன்று உண்டு. விலையுயர்ந்த கார்டு எந்தத் தொகுப்பைச் சேர்ந்ததோ, அதே தொகுப்பிலிருந்து பெயர் பெறாத வீரர் ஒருவரின் மலிவான கார்டை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிக அதிகமாகப் போலி செய்யப்படும் கார்டுகளுள் 1986ஆம் ஆண்டு ஃப்ளீர் தொகுப்பின் மைக்கேல் ஜோர்டான் கார்டும் (எண் 57) ஒன்று. அதே தொகுப்பின் சாதாரணக் கார்டை யாரும் போலி செய்ய மெனக்கெட மாட்டார்கள், செய்தாலும் லாபமில்லை. இரண்டையும் அருகருகே வைத்து அட்டையின் தடிமன், பின்புறத்தின் நிறம், எழுத்தின் கூர்மை, பளபளப்பு ஆகியவற்றை ஒப்பிட்டால், எவ்வளவு படித்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

படி 5: விலையைக் கணக்கிடுங்கள்

விற்பனையாளர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. இணைய ஏலத் தளங்களில் விற்பனை முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் பயன்படுத்தி, அதே கார்டு, அதே பேரலல், அதே மதிப்பெண் உள்ளவை அண்மையில் எந்த விலைக்குப் போயின என்று குறித்துக்கொள்ளுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். தரமதிப்பீட்டு நிறுவனங்கள், எந்தக் கார்டுக்கு எந்த மதிப்பெண் எத்தனை முறை தரப்பட்டுள்ளது என்ற கணக்கையும் வெளியிடுகின்றன. அரிது என்று விற்பனையாளர் சொல்வதை அங்கே சரிபார்க்கலாம்.

தலைப்புச் செய்தியாகும் விலைகளை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். மேலே சொன்ன மேன்டில் கார்டு ஒன்று, எஸ்ஜிசி என்ற தரமதிப்பீட்டு நிறுவனத்தின் 9.5 மதிப்பெண்ணுடன், 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். அதே கார்டின் மடிந்து தேய்ந்த பிரதிக்கு அதில் மிகச் சிறு பங்குதான் கிடைக்கும். பிஎஸ்ஏ 10 பெற்ற ஜோர்டான் கார்டு 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. சில மாதங்களிலேயே அதன் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அந்த மதிப்பெண் பெற்ற பிரதிகள் 300க்கும் மேல் இருப்பதை அப்போது வாங்கியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அளவுக்கு மீறி அச்சிடப்பட்ட கார்டுகள் இன்றும் மலிவாகக் கொட்டிக் கிடக்கின்றன. பழையது என்பதாலேயே ஒரு கார்டு அரிதாகிவிடுவதில்லை.

படி 6: தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒரு மதிப்பெண் குறைவாகக் கிடைத்தால் கார்டு என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். அந்த விலையிலிருந்து செலவையும், உறையில்லாத கார்டின் இன்றைய விலையையும் கழித்த பின் எதுவும் மிஞ்சவில்லையென்றால் அனுப்ப வேண்டாம். பத்துக்குப் பத்து வந்தால்தான் கட்டுபடியாகும் என்ற கணக்கு சூதாட்டத்துக்கு நெருங்கியது என்பது என் கருத்து.

படி 7: கையொப்பத்தைப் படியுங்கள்

கையொப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வடிவத்தை அல்ல, காலத்தை. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945இல். பேஸ்பால் வீரர் லூ கெரிக் இறந்தது 1941இல். ஆகவே கெரிக்கின் பால்பாயிண்ட் கையொப்பம் என்று எதைக் காட்டினாலும், அது எத்தனை அழகாக இருந்தாலும், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஷார்ப்பி மார்க்கர் பேனா 1964இல்தான் வந்தது. 1948இல் இறந்த பேஸ்பால் வீரர் பேப் ரூத் அதைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. பந்துக்கும் காலம் உண்டு. அமெரிக்கப் பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளுள் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பழைய அதிகாரப்பூர்வப் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். ஜோ குரோனின் 1959இல்தான் தலைவரானார் என்பதால், அவர் பெயர் தாங்கிய பந்தில் ரூத்தின் கையொப்பம் இருந்தால் போலி செய்தவர் பழைய பந்து தேடவும் சோம்பல்பட்டிருக்கிறார் என்று பொருள்.

காலம் பொருந்தினால், கையால் எழுதியதுதானா என்று பாருங்கள். கிரிக்கெட் மட்டைகளிலும் பந்துகளிலும் கையொப்பத்தை அச்சிட்டே விற்கும் வழக்கம் உண்டு. லென்ஸில் அது புள்ளிகளாகவோ ஏற்றத்தாழ்வற்ற தட்டையான நிறமாகவோ தெரியும். பேனாவால் இட்ட கோட்டில் அழுத்தம் மாறும், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். கையொப்ப இயந்திரம் எழுதியது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அழுத்தத்தில் இருக்கும். அவ்வாறு எழுதிய இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்தும். எந்த மனிதரும் இரண்டு முறை அச்சுப் பிசகாமல் ஒரேபோல் கையொப்பமிடுவதில்லை. உதவியாளரோ சக வீரரோ உரிய வீரருக்காகப் போட்டுக் கொடுத்தவையும் ஏராளம்; அவற்றில் கோடு சரளமாகவே ஓடும், எழுத்தின் அமைப்பு மட்டும் வேறாயிருக்கும்.

கடைசியாகப் போலிக் கையொப்பம். பார்த்து வரைபவரின் கை தயங்கும்: வளைவுகளில் நடுக்கம், பேனா நின்று மீண்டும் நகர்ந்த இடத்தில் மைத்திட்டு, மெலிந்து முடிய வேண்டிய கோட்டின் முனை மொட்டையாக நிற்பது ஆகியவற்றைத் தேடுங்கள். ஒப்பிடுவதற்கு எடுக்கும் மாதிரி அதே வீரரின் அதே காலத்துக் கையொப்பமாக இருக்க வேண்டும். இருபது வயதில் முழுப் பெயரையும் தெளிவாக எழுதியவர், ரசிகர் கூட்டம் பெருகிய பின் இரண்டு எழுத்தும் ஒரு கோடுமாகச் சுருக்கியிருக்கலாம்.

படி 8: சான்றிதழைச் சோதியுங்கள்

சான்றிதழ்கள் இரு வகை. கையொப்பமிடும்போது உடனிருந்து பார்த்தவர் தருவது ஒன்று. பின்னாளில் ஆராய்ந்த நிபுணர் தருவது மற்றொன்று. பின்னது எவ்வளவு மதிப்புக்குரியதாயினும் ஒரு கருத்துதான். விற்பவரே அச்சிட்டுத் தரும் தாளோ இரண்டிலும் சேராது.

1990களில் அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட கும்பல்கள், போலிக் கையொப்பங்களுடன் போலிச் சான்றிதழ்களையும் சேர்த்தே விற்றன. அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கள்கூட அவற்றில் இருந்தன. அதன் பிறகு அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால் 2001இல் தனக்கென ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற சாட்சி ஒருவர் நேரில் பார்த்த பொருளில் மட்டும் எண்ணுள்ள ஹாலோகிராம் ஒட்டப்படும். உரித்தால் அது சிதைந்துவிடும். எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம்.

எந்த நிறுவனத்தின் எண்ணாக இருந்தாலும் அந்நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட வேண்டாம். எண் இருக்கிறது என்பதுடன் நின்றுவிடாமல், அங்குள்ள விவரமும் படமும் கையிலுள்ள பொருளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

படி 9: பாதுகாத்துப் பதிவு செய்யுங்கள்

கார்டை முதலில் மெல்லிய பிளாஸ்டிக் உறையிலும், பின் டாப்லோடர் எனப்படும் கெட்டியான உறையிலும் இடுங்கள். பிவிசி கலந்த பழைய ஆல்பத் தாள்களைத் தவிருங்கள். கையொப்பமிட்ட எதையும் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். மங்கிய கையொப்பத்தின் மேல் மீண்டும் எழுதவே கூடாது. அப்படி எழுதினால் இருக்கும் மதிப்பும் போய்விடும். புதிதாகக் கையொப்பம் பெறுவதானால், தோல் பந்துக்கு நீல பால்பாயிண்ட் பேனாவைக் கொடுங்கள். மார்க்கரின் மை காலப்போக்கில் தோலில் ஊறிப் பரவிவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் இருபுறப் படம், வாங்கிய நாள், விலை, விற்றவரின் ரசீது, சான்றிதழ் எண் ஆகியவற்றைப் பதிந்து, அதன் நகலை வேறோர் இடத்திலும் வையுங்கள். வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களை உள்ளடக்குகிறதா, எந்த வரம்பு வரை என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இழப்பீடு கோரும் நாளில் அவர்கள் முதலில் கேட்பது இந்தப் பதிவைத்தான்.